துணைநிலை ஆளுநர் எந்த அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர்?

தோழர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்று சொல்லிவிட்டு, முழுசா படிச்சிட்டுப் போங்க. புதுச்சேரி பற்றிய விவாதம் எங்கே வந்தாலும் நம் ஆட்கள் ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு, அடுத்த கேள்வி வந்ததும் திணறுவதைப் பார்க்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

நம்மாளு எழுதுவது: "துணைநிலை ஆளுநருக்கு அதிகாரமே கிடையாது. வெறும் ரப்பர் ஸ்டாம்பு."

எதிர்த்தரப்பு எழுதுவது: "யூனியன் பிரதேசத்தில் ஆளுநர்தான் அரசு. முதலமைச்சர் சும்மா பேருக்கு."

இரண்டுமே தப்பு. முதலாவதைச் சொன்னால் சட்டம் தெரிந்த ஒருத்தன் இரண்டு நிமிஷத்தில் நம் வாயை அடைத்துவிடுவான். இரண்டாவதைச் சொல்பவன் ஓட்டுப் போட்ட மக்களின் வாயை அடைக்கப் பார்க்கிறான். உண்மை நடுவில் இருக்கிறது. அந்த உண்மை, ஆளுநர் மாளிகையைவிட டெல்லிக்குத்தான் அதிகம் வலிக்கும்.

கேள்வியை இப்படிக் கேளுங்க. துணைநிலை ஆளுநர் யாருக்கும் கட்டுப்படாத ராஜாவா? இல்லை. இந்திய அரசமைப்பில் அப்படி ஒரு பதவியே கிடையாது. அவர் அமைச்சர்களுக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் எந்த அமைச்சர்களுக்கு? புதுச்சேரி மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த அமைச்சர்களுக்கா, டெல்லியில் உள்துறை அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்கிற அமைச்சருக்கா? அறுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை இதுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

சட்டம் என்ன சொல்லுது?

அரசமைப்பின் 239-வது பிரிவு: யூனியன் பிரதேசங்களைக் குடியரசுத் தலைவர், தான் நியமிக்கும் ஒரு நிர்வாகி மூலமாக நிர்வகிப்பார். கவனிங்க, சட்டத்தில் இருக்கிற சொல் 'நிர்வாகி'. துணைநிலை ஆளுநர் என்பது அந்த நிர்வாகிக்குக் கொடுத்திருக்கிற பட்டம். குடியரசுத் தலைவர் தனியாக முடிவெடுக்க மாட்டார், ஒன்றிய அமைச்சரவை சொல்கிறபடிதான் நடப்பார். ஆக, இந்தக் கயிற்றின் ஒரு முனை டெல்லியில் இருக்கிறது.

பிறகு 1962-ல் 14-வது திருத்தம் வந்து 239-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்படி நாடாளுமன்றம் போட்டதுதான் 1963-ஆம் வருட யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டம். அந்தச் சட்டம்தான் புதுச்சேரிக்கு 30 பேர் கொண்ட சட்டமன்றத்தைக் கொடுத்தது, அமைச்சரவையைக் கொடுத்தது. கயிற்றின் இன்னொரு முனை பாரதி பூங்கா பக்கத்துச் சட்டமன்றத்துக்கு வந்தது அப்போதுதான்.

அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

18-வது பிரிவு: மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் உள்ள விஷயங்களில் புதுச்சேரி சட்டமன்றம் சட்டம் போடலாம். டெல்லி சட்டமன்றத்துக்குக் காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் கிடையாது. புதுச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை. காகிதத்தில் பார்த்தால் டெல்லி சட்டமன்றத்தைவிட நம்முடையது பெரிசு!

44-வது பிரிவு: சட்டமன்றம் சட்டம் போடக்கூடிய விஷயங்களில் நிர்வாகிக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும். சட்டம் அவரைத் தன் விருப்பப்படி முடிவெடுக்கச் சொல்கிற இடங்களும், நீதிமன்றம் போல விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற பணிகளும் மட்டும் இதற்கு விலக்கு.

இதுவரைக்கும் சரி. ஆனால் இந்த 44-க்கு ஒரு வால் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துத்தான் மாட்டை ஓட்டுறாங்க. ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தால், ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து வரும் முடிவுப்படி நடக்க வேண்டும். முடிவு வருவதற்குள் விஷயம் ரொம்ப அவசரம் என்று ஆளுநர் கருதினால், தானே நடவடிக்கை எடுக்கலாம்.

50-வது பிரிவு: ஆளுநரும் சரி, அமைச்சரவையும் சரி, குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டில் இருப்பார்கள், அவர் தரும் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும்.

இதை மறைக்காமல் சொல்லிடுவோம். ஒரு மாநில ஆளுநரும் புதுச்சேரி துணைநிலை ஆளுநரும் சட்டப்படி ஒன்றல்ல. மாநில ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1974-லேயே சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1982-ல் கோவா யூனியன் பிரதேசமாக இருந்தபோது வந்த தேவ்ஜி தாண்டேல் வழக்கில், நிர்வாகி அப்படி இல்லை, அவர் மாறுபட முடியும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இதை மறந்துட்டு "ரப்பர் ஸ்டாம்பு" என்று எழுதினால் மாட்டிக்கிறது நாமதான்.

மாறுபடலாம். ஆனால் ஆளலாமா?

இங்கேதான் நம் வாதம் ஆரம்பிக்குது.

மாறுபடும் உரிமை ஒன்று. ஆட்சி நடத்தும் உரிமை வேறு. சட்டம் கொடுத்திருப்பது முதலாவதை மட்டும். அதற்கும் அலுவல் விதிகளில் படிப்படியான வழி இருக்கிறது. முதல் படி: ஆளுநர் சம்பந்தப்பட்ட அமைச்சரோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். இரண்டாவது படி: தீரவில்லை என்றால் விஷயம் அமைச்சரவைக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒத்துவரவில்லை என்றால்தான் மூன்றாவது படி, டெல்லி.

இந்த மூன்று படியில் எங்கேயாவது "ஆளுநர் அதிகாரிகளை நேராகக் கூப்பிட்டு உத்தரவு போடலாம்" என்று இருக்கா? "அமைச்சருக்குத் தெரியாமல் துறையை நடத்தலாம்" என்று இருக்கா? "கோப்பைக் காரணம் சொல்லாமல் மேசையில் வைத்துக்கொள்ளலாம்" என்று இருக்கா? எதுவும் இல்லை. மாறுபாடு இருந்தால் எழுது, பேசு, அனுப்பு. இவ்வளவுதான் வழி. சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சட்டத்தில் இல்லாத நாலாவது வழி.

2018 ஜூலை 4 அன்று டெல்லி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதும் இதைத்தான். டெல்லிக்கான 239-ஏஏ பிரிவிலும் இதே மாதிரி ஒரு வால் இருக்கிறது. 'ஏதாவது ஒரு விஷயத்தில்' கருத்து வேறுபாடு என்பதை 'எல்லா விஷயத்திலும்' என்று படிக்கக் கூடாது. இயந்திரம் மாதிரி ஒவ்வொன்றையும் டெல்லிக்குத் தள்ளக் கூடாது. அமைச்சரவையின் முடிவுகளுக்கு ஆளுநரின் சம்மதம் தேவை என்று எங்கேயும் இல்லை, தெரிவித்தால் போதும் என்றது நீதிமன்றம்.

டெல்லியும் புதுச்சேரியும் வேற வேற என்று உடனே சொல்வார்கள். ஆமாம், வேறதான். டெல்லியின் அமைச்சரவை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. நம்முடையது நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டத்தில் நிற்கிறது. ஆனால் இரண்டு வால்களின் வார்த்தைகளும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே விதிவிலக்கு என்று படிக்கப்படும் வார்த்தை, கடற்கரைச் சாலைக்கு வந்ததும் எப்படி விதியாக மாறும்?

நடந்ததைப் பார்ப்போம்

2016 மே முதல் 2021 பிப்ரவரி வரை கிரண் பேடி துணைநிலை ஆளுநர். அந்தக் காலம் முழுக்க புதுச்சேரி பார்த்தது இரண்டு அரசாங்கங்களை. 2017 ஜனவரியிலும் ஜூனிலும் உள்துறை அமைச்சகம் அனுப்பிய விளக்கக் கடிதங்கள் அவர் கைக்குப் பலம் கொடுத்தன. அந்தக் கடிதங்களை எதிர்த்து அப்போதைய காங்கிரஸ் எம்.எல்.ஏ. லட்சுமிநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

2019 ஏப்ரல் 30-ல் நீதிபதி மகாதேவன் தீர்ப்புக் கொடுத்தார். அரசின் அன்றாட வேலைகளில் நிர்வாகி தலையிட முடியாது, இணை அரசாங்கம் நடத்த முடியாது என்றார். கடிதங்களையும் ரத்து செய்தார். அதிகாரிகள் சமூக ஊடகக் குழுக்களில் ஆளுநரோடு பேசி வேலை நடத்துவது முறையில்லை, அரசு விதித்த தகவல் வழியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் சுட்டிக்காட்டினார். யோசிச்சுப் பாருங்க, வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அரசாங்கம்!

அன்றைக்கு நம்மாளுங்க பட்டாசு வெடித்தாங்க. சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கிட்டாங்க. 2020 மார்ச்சில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. டெல்லித் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த முடியாது, இருதரப்பும் இணக்கமாக வேலை செய்ய வேண்டும் என்றது. இதைச் சொல்லாமல் 2019 தீர்ப்பை மட்டும் இன்றைக்கும் பகிர்ந்துகொண்டிருக்கும் தோழர்கள் தயவுசெய்து நிறுத்துங்க. தோற்றுப்போன தீர்ப்பைக் காட்டி ஜெயிக்க முடியாது. "இணக்கமாக இருங்கள்" என்று சொல்வதில் ஒரு பிரச்சினை இருக்கிறது, அதைக் காட்டுங்க. இணக்கம் வராதபோது கடைசிச் சொல் யாருடையது? அந்தக் கேள்விக்கு இந்தச் சட்டம் ஒவ்வொரு முறையும் டெல்லி என்றே பதில் சொல்கிறது.

அரிசியா, பணமா?

இது வக்கீல்கள் சண்டை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் ரேஷன் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்க.

இலவச அரிசித் திட்டம். அரிசியாகவே கொடுப்போம் என்றது அமைச்சரவை. பணமாக வங்கிக் கணக்கில் போடுங்கள் என்றார் ஆளுநர். கருத்து வேறுபாடு. கோப்பு டெல்லி போனது. பணம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் உட்கார்ந்து, ராத்திரியும் அங்கேயே படுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர், நியமிக்கப்பட்ட ஒருவரின் வாசல்படியில்!

அரிசி நல்லதா பணம் நல்லதா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். இருக்கட்டும். பணமே நல்லது என்று வைத்துக்கொண்டாலும், அதை முடிவு செய்ய வேண்டியது யார்? அரிசி கிடைக்காத அம்மா அடுத்த தேர்தலில் முதலமைச்சரைக் கேள்வி கேட்கலாம், எம்.எல்.ஏ.வைத் தோற்கடிக்கலாம். ஆளுநரை என்ன செய்வார்? உள்துறை அமைச்சகத்தில் குறிப்பு எழுதிய அதிகாரியை எங்கே போய்த் தேடுவார்? முதலமைச்சர் கெட்ட முடிவெடுத்தால் ஐந்து வருஷத்தில் கணக்குத் தீர்க்கலாம். டெல்லி கெட்ட முடிவெடுத்தால் முத்தியால்பேட்டையில் இருப்பவருக்குக் கணக்குத் தீர்க்க வழியே இல்லை.

பிறகு ஆட்சி மாறியது. 2024 தீபாவளி நேரத்தில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன, அரிசி கொடுத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு கேள்வி. டெல்லிக்குப் பிடித்த கூட்டணி வந்ததும் அரிசி அரிசியாகவே வரலாம் என்றால், முன்னாடி தடுத்தது சட்டமா, அரசியலா?

மூன்று பேர், ஓர் அரசு

இன்னொரு கணக்கும் பாருங்க. அதே 1963 சட்டத்தின் 3-வது பிரிவு, ஒன்றிய அரசு மூன்று பேர் வரை சட்டமன்றத்துக்கு நியமிக்கலாம் என்கிறது. 2017-ல் மூன்று பா.ஜ.க.வினரை நியமித்தார்கள். மாநில அமைச்சரவையைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அவர்கள் ஓட்டும் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

2021 பிப்ரவரி 22. அடுத்தடுத்து ராஜினாமாக்கள் வந்த பிறகு நாராயணசாமி அரசின் பக்கம் 12 பேர். எதிர்ப்பக்கம் 14 பேர். அந்த 14-ல் 3 பேர் நியமன உறுப்பினர்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் 12-க்கு 11! முதலமைச்சர் வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்பு செய்தார், ஆட்சி போனது. ராஜினாமா செய்தவர்கள் மீது நமக்குக் கோபம் உண்டு. நியமன உறுப்பினர்களை எதிர்த்தும், ஆளுநர் அதிகாரத்தை எதிர்த்தும் வழக்குப் போட்ட அதே லட்சுமிநாராயணனும் அந்த ராஜினாமாப் பட்டியலில் இருந்தார் என்பது அரசியல் வேடிக்கை. ஆனால் ஒரே ஓர் ஓட்டு விழாத மூன்று பேர் ஓர் அரசின் ஆயுளை முடிவு செய்யலாம் என்பது வேடிக்கை இல்லை.

"கண்காணிக்க ஒருத்தர் வேண்டாமா?"

எதிர்த்தரப்பின் பலமான கேள்வி இது. சின்ன ஊரு, அரசியல்வாதிகள் கொள்ளையடிப்பார்கள், மேலே ஒரு நேர்மையான ஆள் வேண்டாமா என்பார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல் பதில் சொல்லுங்க.

கண்காணிப்பு கண்டிப்பாக வேண்டும். அதற்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார், சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆளுநரும் ஒரு முடிவு தப்பு என்று நினைத்தால் காரணத்தோடு எழுதித் திருப்பி அனுப்பலாம். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வண்டியைக் கண்காணிக்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால், விபத்து நடக்கும்போது யாரைக் கேட்பது? ஓட்டுநர் "என்னை ஓட்ட விடல" என்பார். பிடித்தவர் "நான் ஓட்டுநரே இல்லை" என்பார். அடிபடுவது உள்ளே இருக்கும் பயணி.

ஆளைத் திட்டாதீங்க, சட்டத்தைத் திருத்தச் சொல்லுங்க

இது கிரண் பேடி என்ற ஒருவரின் பிரச்சினை இல்லை. டெல்லியில் காங்கிரஸ் ஆண்ட காலத்திலும் துணைநிலை ஆளுநர் வீரேந்திர கட்டாரியாவுக்கும் ரங்கசாமி அரசுக்கும் உரசல் இருந்தது. பா.ஜ.க.வோடு கூட்டணி அரசு நடத்தியபோதே, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. டெல்லி கண்டுகொள்ளவில்லை. ஆட்கள் மாறுகிறார்கள், கட்சிகள் மாறுகின்றன, சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போ ஓட்டை ஆட்களில் இல்லை, சட்டத்தில். நாளைக்கு நமக்குப் பிடித்தவர் அந்த மாளிகையில் உட்கார்ந்தாலும் நாம் இதையேதான் சொல்ல வேண்டும். சொல்வோம்.

அந்தச் சட்டத்தின் வரலாற்றையும் ஒரு பார்வை பாருங்க. 1963 சட்டம் புதுச்சேரிக்காக மட்டும் போட்டதில்லை. இமாச்சல், மணிப்பூர், திரிபுரா, கோவா-டாமன்-டையூ, புதுச்சேரி என ஐந்துக்கும் சேர்த்துப் போட்டது. இமாச்சல் 1971-ல் மாநிலம். மணிப்பூரும் திரிபுராவும் 1972-ல் மாநிலம். கோவா 1987-ல் மாநிலம். இன்றைக்கு இந்தச் சட்டத்தின்கீழ் சட்டமன்றத்தோடு மிச்சம் இருப்பது புதுச்சேரி மட்டும். மற்றவர்கள் ஏறி இறங்கிப் போன தற்காலிகப் படகில் நாம் மட்டும் அறுபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். பாரிஸ் அனுப்பும் கவர்னர் ஆட்சி வேண்டாம் என்பதற்காகப் போட்ட ஓட்டு அது. டெல்லி அனுப்பும் கவர்னர் ஆட்சி வேண்டும் என்பதற்காக அல்ல.

நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: புதுச்சேரிக்கு முழு மாநிலத் தகுதி.

இரண்டு: அது வரும் வரை 44-வது பிரிவின் வாலை வெட்டிச் சுருக்குங்கள். எந்த விஷயங்களில் மாறுபடலாம் என்று பட்டியல் போடுங்கள். காரணம் எழுத்தில் வேண்டும். கால வரம்பு வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் அமைச்சரவையின் முடிவே நிற்க வேண்டும்.

மூன்று: நியமன உறுப்பினர்கள் முறையை எடுங்கள். எடுக்க மனசில்லை என்றால் மாநில அமைச்சரவையின் பரிந்துரையில் மட்டும் நியமியுங்கள், அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஓட்டுரிமை கொடுக்காதீர்கள்.

தோழர்களே, நாளை முதல் "ரப்பர் ஸ்டாம்பு" என்று எழுதாதீங்க. அதற்குப் பதில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "ஆளுநர் எந்த அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர்? அந்த அமைச்சருக்குப் புதுச்சேரியில் யார் ஓட்டுப் போட்டது?"

பதில் சொல்லட்டும். நாம் காத்திருப்போம்.

படிச்சவங்க பகிருங்க. காரைக்கால், மாஹே, ஏனாம் நண்பர்களுக்கும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறோம்.

#புதுச்சேரிக்கு_மாநிலத்_தகுதி
#ஓட்டுப்_போட்டவனுக்கே_அதிகாரம்